பதிமூணு நம்பர் ஸ்பேனர்

எங்கள் வீட்டு லாரி ஒரு பழைய லேலண்ட் காமெட். அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக வாங்கியது. வாங்கும்போதே அதற்கு என்னைவிட வயது அதிகம். சங்ககிரிப் பக்கம் லாரி இல்லாத வீட்டில்கூட ஸ்பேனர் இருக்கும்; லாரி இருந்த எங்கள் வீட்டிலோ எனக்கு ஒன்றும் தெரியாது.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள், வாட்டர் பம்ப் ஒழுகுகிறது என்று வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தோம். மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் பம்பைக் கழற்றி வைத்துவிட்டால் அசந்துபோவார் என்று நினைத்தேன். கைக்கு எட்டியது மில்லிமீட்டர் செட். அந்தப் பட்டறைக்கு வருவதில் பெரும்பாலும் டாடா வண்டி. 1954இல் பென்ஸோடு கைகோத்ததிலிருந்தே அதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. லேலண்ட் இங்கிலாந்து வழி வந்தது. பழைய காமெட்டில் எங்கு தொட்டாலும் இஞ்சு.

முக்கால் இஞ்சு என்றால் 19.05 மில்லி. அதில் 19 நம்பர் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். டைனமோ பிராக்கெட்டில் இருந்த போல்ட்டுகள் அப்படித்தான் மடமடவென்று வந்தன. அந்தத் திமிரில் பம்பில் இருந்த அரை இஞ்சுத் தலைக்குப் பதிமூணைப் போட்டேன். அரை இஞ்சு 12.7 மில்லி. நடுவில் இருப்பது 0.3 மில்லி, ஒரு நகக்கனம்கூட இல்லை. ஆனால் பக்கத்தைப் பிடிக்க வேண்டிய ஸ்பேனர் வாய் மூலையை மட்டும் பிடித்தது. ஒரு அழுத்து. வழுக்கியது, முட்டி பெயர்ந்தது. கோபத்தில் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இன்னொரு அழுத்து. ஆறு மூலையும் மழுங்கி, தலை கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது.

மேஸ்திரி வந்து கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. "துரு அது வேலையைச் செஞ்சுது சாமி. மூலையைத் தின்னது நீதான்" என்றார்.

இரும்பு துருவாக மாறும்போது பருத்துவிடுகிறது. இரண்டு மடங்குக்கும் மேல். மரைக்குள்ளே பருக்க இடம் ஏது? ஆப்பு வைத்த மாதிரி இறுக்கிக்கொள்கிறது. அதில் யார் குற்றமும் இல்லை. தண்ணீரும் காற்றும் காலமும் சேர்ந்து செய்வது. மேஸ்திரி அதை ஒரு தடையாகவே எண்ணியதாகத் தெரியவில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பிரேக் ஆயிலும் டீசலும் கலந்து நாலு சொட்டு விட்டார். சின்னச் சுத்தியலால் தலையில் டொக் டொக்கென்று தட்டினார். அடி அல்ல, உள்ளே இருக்கிற துருவுக்கு ஒரு அதிர்ச்சி. பிறகு வேறு வண்டிக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்து அரத்தால் தலையைப் பக்கம் பக்கமாகச் செதுக்கி, 12 நம்பர் ரிங் ஸ்பேனரை அடித்து ஏற்றினார். கேஸ் வைத்துச் சுற்றிலும் சூடாக்கி, ஒரு மெழுகுவத்தியை அங்கே காட்டினார். உருகிய மெழுகு மரைக்குள் தானாக ஓடி மறைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் அவர் கழற்றவில்லை, துளி இறுக்கினார்! 'கிரீச்' என்றது. அப்புறம்தான் இடப்பக்கம். கால் சுற்று வந்ததும் நிறுத்தித் திரும்ப உள்ளே விட்டார். மறுபடி எண்ணெய். மறுபடி கால் சுற்று. எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டேன். "மரியாதை போல்ட்டுக்கு இல்ல கண்ணு. போல்ட்டு கடையில கெடைக்கும். பிளாக்குல இருக்கற மரை கெடைக்காது."

இதே மனிதர் மறுநாள் பின்பக்க ஸ்பிரிங்கின் யூ போல்ட்டை எண்ணெய் கிண்ணெய் எதுவும் விடாமல் கேஸ் வைத்து அறுத்துத் தள்ளினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே காப்பாற்ற மரை ஏதும் இல்லை. யூ போல்ட் கழன்றாலும் திரும்பப் போடுவது முறையில்லை, புதுசுதான். பொறுமையைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்கள்மேல் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் உண்டு.

இப்போது இதை எழுதக் காரணம் லாரி இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டு 11 வருஷம் ஆகிறது. லாரி விற்ற காசு, கிணற்றுப் பங்கு: எல்லாக் குடும்பத்திலும் இருக்கிற சங்கதிதான். சமாதானம் செய்கிறேன் என்று நான்தான் போனேன். அதற்கு முன் அத்தை வீட்டுச் சண்டை ஒன்றில், "மூத்தவங்க நீங்கதான் விட்டுக்கொடுக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லி எனக்கு வெற்றி கிடைத்திருந்தது. அதையே பெரியப்பாவிடமும் சொன்னேன். அதுவரை மூன்று தடவை விட்டுக்கொடுத்தவர் அவர். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. வார்த்தை வழுக்கியது. விட்டேனா? ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அதுவரை அப்பா பேச்சு வந்தால் சும்மா உட்கார்ந்திருந்தவர், அதன் பிறகு எழுந்து உள்ளே போக ஆரம்பித்தார்.

11 வருஷத்தில் முதல் ஒன்பது துரு. கடைசி இரண்டு என் கைவரிசை. இதை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை. பிடிவாதக்காரர், வயதானவர், காலம் மாற்றிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மழுங்கிய மூலைக்கும் துருவின்மேல் பழி போடுவது எவ்வளவு வசதி.

இப்போது மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போகிறேன். பங்குப் பேச்சு எடுப்பதில்லை. தென்னைக்கு உரம் வைத்தது, டீசல் விலை, ஏரிக்குத் தண்ணீர் வந்தது என்று ஏதாவது பேசுவோம். காமெட்டைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போகும்.

போன தடவை, நடுவில் சட்டென்று கேட்டார்: "உங்கப்பன் முழங்காலுக்கு யாருகிட்டக் காட்டறான்?"

டாக்டர் பெயரைச் சொன்னேன். மேற்கொண்டு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.