மழைநாட் கூலி

மழையால் நின்றுபோன ஒரு நாளின் நட்டம் யாரைச் சேர வேண்டும்? வீட்டுத் திண்ணையில் இருந்த காலத்தில் இக்கேள்வி நமக்கு எழுந்ததில்லை. அந்தமானில், நீல் தீவு என வழங்கி 2018ஆம் ஆண்டில் ஷஹீத் த்வீப் எனப் பெயர் மாற்றப்பெற்ற சிறு தீவில், ஒரு தேநீர்க் கடையின் தகரக் கூரையடியில் பகல் முழுதும் ஒதுங்கியிருந்தபோது எழுந்தது.

நாமும் நண்பர் நால்வரும் சென்னையில் கப்பலேறி, ஏறக்குறைய மூன்று நாட்கள் கடலில் கழித்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரில் இறங்கி, அங்கிருந்து நீல் தீவை அடைந்தோம். மறுநாட் காலையில் பவளப்பாறைகளைக் காண ஒரு டோங்கியைப் பேசியிருந்தோம். இயந்திரம் பொருத்திய சிறு படகுக்கு அத்தீவுகளில் வழங்கும் பெயர் அது. விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் நிலம் அது; நம்மூர்த் தூறலை நினைத்துக்கொண்டு குடை எடுத்துச் சென்ற நம் அறியாமையை என்னென்பது!

படகோட்டி கரையில் நின்று கடலைச் சிறிது நேரம் நோக்கினார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேற்றப்பட்ட அகதிக் குடும்பமொன்றின் பேரர் அவர். இந்தியும் அரைகுறைத் தமிழும் கலந்து, "இன்று வேண்டாம்" என்று மட்டும் கூறினார். கயிற்றை அவிழ்க்கவில்லை. நம் நண்பருள் ஒருவர், "இரட்டைக் கூலி தருகிறோம், எங்கள் உயிருக்கு நாங்களே பொறுப்பு" என்றார்.

இச்சொல்லைச் சற்றே ஆராய்வோமாக. தன் உயிரைப் பணயம் வைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவன் வாதிக்கலாம். அவ்வாதத்தை இங்கே விட்டுவிடுவோம். ஆனால் படகில் ஏறுபவர் ஐவர் மட்டுமல்லர், ஓட்டுகிறவரும் ஏறுகிறார். அவர் உயிருக்குப் பொறுப்பேற்க நாம் யார்? இரட்டைக் கூலி என்பது உழைப்புக்குத் தரும் விலையன்று. ஏழை ஒருவன் தன் அறிவைக் கொண்டு சொன்ன "வேண்டாம்" என்னும் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தரும் விலை. 2014 ஜனவரி 26ஆம் நாள் போர்ட் பிளேயருக்கு அருகே சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். காஞ்சிபுரத்திலிருந்து சென்றோர் பலர் அதில் இருந்தனர். அனுமதித்த அளவுக்கு மேல் அதில் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். கரையிலேயே ஒருவர் மறுத்திருந்தால், அன்று அவரை எத்தனை பேர் ஏசியிருப்பார்களோ!

2016 டிசம்பரில் வேறொன்று நிகழ்ந்தது. பின்னர் வர்தா என்னும் புயலாகிச் சென்னையைத் தாக்கிய காற்றழுத்தம் அப்போது அந்தமானருகே நின்றது. படகுகள் நிறுத்தப்பட்டன. ஹாவ்லாக், நீல் ஆகிய இரு தீவுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகள் நாட்கணக்கில் அகப்பட்டுக்கொண்டனர். பித்ரா, பங்காரம், கும்பீர் முதலிய கடற்படைக் கலங்கள் சென்றும், கடல் இடங்கொடுத்த பின்னரே அவர்களை அழைத்துவர முடிந்தது. காத்திருந்தோர் சலித்திருப்பர், ஆயினும் உயிரோடு ஊர் திரும்பினர்.

ஆகவே நிறுத்தியது சரியே. நண்பரும் ஒப்புக்கொண்டார். கேள்வி அதோடு தீர்ந்ததா? இல்லை. அன்று நாம் இழந்தது ஒரு காட்சி. படகோட்டி இழந்தது அடுப்பெரியும் கூலி. நம்மைக் காத்த மறுப்புக்கு அவர் வீட்டுச் சோறு விலையாயிற்று.

இது நமக்கு எளிதில் விளங்கிற்று, காரணம் உண்டு. நாம் பஞ்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நூற்பில் நின்றவர். மின்சாரம் இல்லையென்றோ பஞ்சு இல்லையென்றோ ஆலையை நிறுத்துவார்கள். அதற்கு லே-ஆஃப் என்று பெயர். 1953ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பயனாக, அந்நாட்களுக்கு நிரந்தரத் தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் உண்டு. பதிலிக்கு அதுவும் இல்லை. நாம் முதல் நான்கு ஆண்டுகள் பதிலி. வாயிலில் நின்று, "இன்று வேலை இல்லை" என்று கேட்டுவிட்டுத் தூக்குப்போசியோடு வீடு திரும்பிய காலைகள் பல. நம் கை ஓயவில்லை, மனம் ஓயவில்லை, எந்திரம்தான் ஓய்ந்தது. பசி மட்டும் நம்முடையதாயிற்று.

மழையில் நிற்றலைப் பற்றிப் பழைய ஏற்பாடொன்று உண்டு. மழைக்காலத்திலும் பிக்குகள் ஊரூராய்த் திரிந்து பசும்புல்லை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களைக் கொல்கிறார்கள் என்று ஜனங்கள் குறைகூறவே, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குமாறு பகவான் விதித்தார் என்கிறது விநயம். தங்கியவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது என்பதை நாம் நினைப்பதில்லை. நில் என்று சொன்ன ஊரே சோறும் இட்டது. நிறுத்தும் உரிமையும் உண்பிக்கும் கடமையும் அங்கே ஒரே வாசலில் இருந்தன.

இதைக் கூறியபோது இன்னொரு நண்பர் மடக்கினார்: "மறுப்புக்குக் கூலி தந்தால், நாளை வெயிலிலும் மறுப்பார்களே?" தள்ளத்தக்க கேள்வியன்று. மனிதர் எல்லோரும் உத்தமர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறுத்தால் பட்டினி என்னும் நிலையில், மழையிலும் ஒப்புக்கொள்ளும் படகோட்டிகளை அல்லவா நாம் உண்டாக்குகிறோம்? இவ்விரண்டு தீமைகளுள் எது பெரிது என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. நமக்கும் முழு விடை அகப்படவில்லை.

மாலை நான்கு மணிக்கு மழை சற்றே தணிந்தது. பேசிய கூலியை ஐவரும் திரட்டி, படகைக் கரைக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அவரிடம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை, ஓட்டாத படகுக்குக் காசா என்று நகைத்தார். வற்புறுத்தவே, பாதியை எடுத்துக்கொண்டு மீதியை நம் கையில் வைத்தார். பாதிச் சம்பளம்! நம் நண்பர்களுக்கு விளங்கவில்லை. நாம் மட்டும் சிரித்துவிட்டோம். காற்று அடங்கினால் விடியற்காலையில் வருமாறு சொல்லிவிட்டு, இயந்திரத்தின்மேல் சாக்கைப் போர்த்தி மூடினார்.