மேசையின் அடிப்பக்கம்

காரைக்குடியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி மேசையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. வந்ததும் இழுப்பறையை உருவினார், கவிழ்த்தார், அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்த்தார். அந்தக் கை என்னை விடமாட்டேன் என்கிறது.

மேசை என்றால், தரையில் சம்மணம் போட்டு எழுதும் கணக்குப்பிள்ளை மேசை. சாய்ந்த மூடி, உள்ளே சின்னச் சின்ன அறைகள், கீழே ஓர் இழுப்பறை. கொள்ளுத்தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். 1941 டிசம்பரில் அங்கே ஜப்பான் குண்டு விழுவதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். மேசையும் கூடவே கப்பலேறியது. இப்போது பங்கு பிரிக்கும் பேச்சு நடப்பதால் அதற்கு ஒரு விலை வேண்டியிருக்கிறது.

"கையக் குடுங்க தம்பி" என்று என் விரல்களையும் அந்த அடிப்பலகையில் வைத்தார். லேசான மேடுபள்ளம்; இழைப்புளி போன தடம். மிஷின் வட்ட ரம்பம் அறுத்திருந்தால் வில் வில்லாகக் கீறல் கிடக்குமாம். பிறகு மூடியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். "மேல யாரோ இழைச்சு வார்னிஷ் அடிச்சுப்புட்டாங்களே. அது மட்டும் இல்லாட்டி இன்னும் நல்லாவே போட்டுக் குடுப்பேன்."

யாரோ இல்லை, அப்பாதான். அத்தை கல்யாணத்துக்கு முன்னால், வீடு பார்க்கும்படி இருக்கவேண்டும் என்று ஆசாரியை வரவழைத்தார். கொள்ளுத்தாத்தாவின் மைக்கறை, மரத்தில் ஏறியிருந்த கருமை எல்லாம் ஒரே பகலில் இழைப்புளி வாயிலிருந்து சுருள் சுருளாக வெளியே வந்து விழுந்தன. அந்தச் சுருளைக் காதில் வளையமாக மாட்டிக்கொண்டு நான் திண்ணையில் ஆடினேன். சாயங்காலம் மூடி பளபளவென்று நின்றபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் எதற்கு, வீண்செலவு என்று விட்டுவிட்டார்.

பர்மாத் தேக்கைப் பற்றி எப்போதோ படித்தது அரைகுறையாக ஞாபகம் வருகிறது. பச்சைத் தேக்கு மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெண்மரத்தையும் வெட்டிவிட்டு, மூன்று வருஷம்போல நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். அதன் பிறகுதான் வெட்டுவது, யானை கட்டி இழுப்பது, ஐராவதியில் விடுவது. இந்த மரத்தை முன்னிட்டு ஒரு ராஜ்யமே போயிற்று. பம்பாய் பர்மா கம்பெனிக்குத் திபோ மன்னர் அபராதம் போட்டதைச் சாக்காக வைத்து, 1885இல் வெள்ளைக்காரன் மாண்டலேயைப் பிடித்தான். அத்தனைக்கும் ஈடுகொடுத்த சாதி மரத்துக்கு ஒரு டப்பா வார்னிஷ் குறையாகிவிட்டது!

ஆனால் வியாபாரி பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அந்தப் பெயர் தெரியாத தச்சனின் கை. எங்கள் குடும்பத்தின் கை அல்ல. நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த இடத்தில் விலை போயிற்று; எவரும் சீண்டாத அடிப்பக்கத்தில் நின்றது. இது எனக்கு ஒப்பவில்லை. அப்பாவுக்காக வாதாடலாம் என்று தொடங்கினால், அவரே தன் தாத்தாவின் மைக்கறையைச் சீவித் தள்ளியவர் என்பது குறுக்கே வந்து நிற்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு மேசையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை. நூறு வருஷம் ஆகியிருந்தால் 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகிவிட்டதா? ரசீதா இருக்கிறது! அதற்கும் அந்த அடிப்பலகையைத்தான் கேட்கவேண்டும்.

வார்னிஷைச் சுரண்டினால் விலை ஏறுமா என்று நேற்று போனில் கேட்டான். கொஞ்சம் ஏறலாம். வார்னிஷ் போகும், இழைத்த மரம் திரும்பாது. கறையும் போய், அப்பாவின் பூச்சும் போனால் அந்த மூடியில் எங்களுடையது என்று என்ன இருக்கும்? ஒன்றும் வேண்டாம், சுத்த மரமே போதும் என்று காலையில் தோன்றுகிறது. ராத்திரியானால் மனசு மாறிவிடுகிறது. தம்பிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.