பள்ளிக்கு அனுப்பிய அமானிதம்

தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் ‘பள்ளி’ என்னும் சொல் இரண்டு இடங்களைக் குறிக்கும். தொழச் செல்பவரும் பள்ளிக்குப் போகிறார். பாடம் படிக்கச் செல்லும் பிள்ளையும் பள்ளிக்குப் போகிறது. நம் இல்லங்களில் பல பிள்ளைகளுக்கு ஒரே காலைப்பொழுதில் இரண்டும் வாய்க்கின்றன. சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஓதும் பள்ளியில் அலிஃபும் பேயும். வீடு திரும்பிப் பசியாறி, சீருடை அணிந்து, மணி அடிக்கும் முன் பள்ளிக்கூட வாசல். புத்தகப் பையைத் தோளில் மாட்டிவிட்டு, தண்ணீர்க் குப்பியைக் கையில் கொடுத்து, ‘பத்திரமாகப் போய் வா’ என்று தாய் வழியனுப்புகிறாள். நாள்தோறும் நடப்பதால் அதன் கனம் நமக்குத் தெரிவதில்லை. உலகில் தனக்கு மிக அருமையானதை ஒரு நாளின் பாதிப்பொழுதுக்குப் பிறர் கையில் ஒப்படைக்கும் செயல் அது.

மார்க்கம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: அமானிதம். குழந்தை பெற்றோரிடம் இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதினார்கள். அந்த அமானிதத்தைப் பெற்றோர் ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார்கள். ஆசிரியர் சில நேரம் வண்டி ஓட்டுபவரிடமும் சமையற்கூடத்தாரிடமும் ஒப்படைக்கிறார். இப்படிக் கைமாறிக்கொண்டே போகும் அமானிதத்திற்கு ஊறு நேர்ந்தால், அதை இறைவனின் நாட்டம் என்று சொல்லி நாம் அமைதி கொள்ளலாமா? அல்லது அந்தச் சொல்லைக் கையாளும் உரிமை நமக்கு எப்போது உண்டு, எப்போது இல்லை? இக்கட்டுரை ஆராய விரும்பும் வினா இதுதான்.

அமானிதம் பற்றிய மார்க்கச் சட்டத்தை முதலில் நோக்குவோம். ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் பாதுகாக்கக் கொடுக்கிறார். காவலர் தம்மால் இயன்ற அளவு காத்தும் வெள்ளமோ கொள்ளையோ அதைக் கொண்டுபோனால், அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கவனக்குறைவாக இருந்திருந்தால் பொறுப்பு அவருடையதே. பொருளின் தகுதிக்கேற்ற இடத்தில் அதை வைத்துக் காக்க வேண்டும் என்பதையும் சட்ட அறிஞர்கள் வலியுறுத்தினார்கள். பொற்காசைத் திண்ணையில் வைத்துவிட்டு, ‘திருடன் வந்தது விதி’ என்று ஒரு காவலர் வாதிட முடியாது. நடந்தது அனைத்தும் இறைவனின் அறிவுக்கு உட்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த நம்பிக்கை காவலரின் கடமையை எள்ளளவும் குறைப்பதில்லை. பொற்காசுக்கு இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஏழு வயதுப் பாலகனுக்கு எவ்வளவு?

பிள்ளையைப் பிறருடன் அனுப்பும் தந்தையின் உள்ளத்தைத் திருமறையின் 12-ஆம் அத்தியாயம் காட்டுகிறது. யூசுஃபைத் தங்களோடு விளையாட அனுப்புமாறு மூத்த பிள்ளைகள் கேட்கிறார்கள். தாங்கள் காவலாக இருப்பதாகவும் உறுதி சொல்கிறார்கள். நீங்கள் கவனிக்காத வேளையில் ஓநாய் தின்றுவிடுமோ என்று யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் அச்சத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட்டு அனுப்புகிறார்கள். நடந்ததை நாம் அறிவோம். ஆண்டுகள் பல கழித்து இளைய மகனை எகிப்துக்கு அனுப்ப நேர்ந்தபோது, அவர்கள் வெறும் வாய்ச்சொல்லை ஏற்கவில்லை. இறைவன் மீது ஆணையிட்ட உறுதிமொழியைக் கேட்டுப் பெற்றார்கள். எல்லாரும் ஒரே வாசல் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாசல்களில் நுழையுமாறு கட்டளையிட்டார்கள். அதற்குப் பிறகுதான், இறைவனின் தீர்ப்பிலிருந்து எதுவும் தங்களைத் தடுத்துக் காக்க இயலாது என்பதையும், அவனையே தாம் சார்ந்திருப்பதையும் உரைத்தார்கள். ஒரு நபியின் தவக்குல் அச்சத்தை மறைக்கவில்லை. உறுதி கேட்கக் கூசவில்லை. வாசல்களைக் கூட எண்ணிப் பார்த்தது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வும் இதையே விளக்குகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுமாறு அவர்கள் அறிவுறுத்திய செய்தியைத் திர்மிதீ நூலில் காண்கிறோம். நம் மேடைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். மேடைகளில் குறைவாகக் கேட்கப்படும் வேறு சில அறிவுரைகளும் உண்டு. உறங்கும் முன் விளக்கையும் நெருப்பையும் அணைக்கச் சொன்னார்கள். பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்னார்கள். அந்தி சாயும் வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்பு எடுத்துச் செல்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் படுத்துறங்குவதைக் கண்டித்தார்கள். வழியில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணினார்கள். இன்று ஒரு தொடக்கப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதத்தக்க செய்திகள் இவை. உலகுக்கு வழிகாட்ட வந்த தூதர், மாடியின் சுவரையும் அம்பின் முனையையும் தம் கவனத்திற்குச் சிறியவை என்று ஒதுக்கவில்லை.

சிறியவை என்று ஒதுக்கியதன் விலை என்ன என்பதைத் தமிழகம் ஒரு நாளில் கண்டது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த ஒரு பள்ளிக்கூடம். மதிய உணவு ஆக்கிய சமையற்கூடத்திலிருந்து எழுந்த தீ, மேல்தளத்து வகுப்புகளின் கீற்றுக் கூரையைப் பற்றியது. எரியும் கூரை பிள்ளைகள் மீது சரிந்தது. இறங்கி ஓடுவதற்குக் குறுகலான படி ஒன்றே. 94 குழந்தைகள் மாண்டார்கள். மகாமகக் குளத்தால் அறியப்பட்ட ஊரின் பெயர் அன்று முதல் அந்தத் தீயோடும் சேர்த்து நினைக்கப்படுகிறது.

இதை விதி என்று கூறுவோர் அன்றும் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவ்வாறு கூறினால் அதற்கு நாம் தலைவணங்க வேண்டும். அவளுக்கு அது பொறுமையின் ஊன்றுகோல். ஆனால் அதே சொல்லைக் காவலர் கூற முடியுமா? கீற்றால் கூரை வேய்ந்தது ஒரு முடிவு. அதன் அருகே அடுப்பு மூட்டியது ஒரு முடிவு. ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நெருக்கி அமர்த்தியது ஒரு முடிவு. படி குறுகலாக இருந்ததைப் பார்த்தும் பாராதிருந்தது ஒரு முடிவு. ஏட்டில் ஒப்பமிட்டு இசைவு வழங்கியது ஒரு முடிவு. இம்முடிவுகளை எடுத்தவர்கள் மனிதர்கள். ஒவ்வொன்றையும் மாற்றி எடுத்திருக்கவும் அவர்களால் இயன்றிருக்கும். பத்து ஆண்டுகளுக்குப் பின், 2014 ஜூலை 30 அன்று, தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகளென்றும் பதினொரு பேரைக் குற்றமற்றவர்களென்றும் தீர்ப்பளித்தது. 2017-இல் மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. சிலர் விடுதலையும் பெற்றனர். இதற்கிடையே, இத்துயரத்தை ஒட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2009-இல், கல்வி உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்று அறிவித்தது. நீதிமன்றம் உரிமை என்று அழைத்ததை மார்க்கம் முன்பே அமானிதம் என்று அழைத்திருந்தது.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் செல்கையில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்வதாகக் கலீஃபா விடை பகர்ந்தார்கள். அகலமான படிக்கட்டும் இறைவனின் விதிக்கு உட்பட்டதே. ஓட்டுக் கூரையும் அப்படியே. குறுகிய படியை மட்டும் விதியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

இனி, பள்ளியின் அன்றாட ஒழுங்கைப் பார்ப்போம். மணி, வரிசை, வருகைப் பதிவு, கை கழுவுதல், கூடி உண்ணுதல் என்று அது செல்கிறது. இவை சடங்குகளாகத் தோன்றலாம். ஆனால் வருகைப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர் ஒவ்வொன்றாக அழைக்கிறார். ‘உள்ளேன் ஐயா’ என்று ஒவ்வொரு குரலும் எழுகிறது. கூட்டத்தில் கரைந்துபோகும் சின்னஞ்சிறு மனிதனுக்கு, நீ இங்கே இருக்கிறாய், நீ இல்லாவிட்டால் எனக்குத் தெரியும் என்று நாள்தோறும் உறுதி கூறும் செயல் அது. நெருப்போ நிலநடுக்கமோ நேர்ந்து பிள்ளைகளை வெளியே கொணர்ந்தபின், எவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று சொல்லக்கூடியதும் அந்த ஏடுதான். அதை இயந்திரம்போல் நிரப்பும் ஆசிரியர் காவலின் சாவியைத் தொலைக்கிறார்.

ஒழுங்கு நல்லது, ஆயினும் அதனுள் ஓர் ஆபத்தும் உண்டு. நாம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிப்பது கீழ்ப்படிதல். வாயை மூடு, எழுந்திருக்காதே, கேட்காமல் பேசாதே. கீழ்ப்படிதலை மட்டுமே கற்ற பிள்ளை, புகை நாற்றம் வருவதைச் சொல்லத் தயங்கும். வண்டி ஓட்டுபவர் தவறாக நடந்துகொண்டதை வீட்டில் சொல்ல அஞ்சும். கழிப்பறைக்குச் செல்ல இசைவு கேட்கக் கூசி, நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருக்கும். கடுமையோடு வளர்க்கப்படும் மாணவன் அடக்குமுறைக்கு அஞ்சிப் பொய்யையும் சூழ்ச்சியையும் கற்றுக்கொள்கிறான் என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் எச்சரித்தார். பாடம் முடிந்தபின் பிள்ளையை விளையாட விடாமல் படிப்பிலேயே அழுத்தினால் அதன் உள்ளம் செத்துவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் கருதினார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பத்து ஆண்டுகள் தமக்குப் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை ‘சீ’ என்று கூடச் சொல்லாத நபியின் சமுதாயத்திற்கு, இந்தச் சட்டம் புதிய பாடமாக இருந்திருக்க வேண்டியதில்லை. அஞ்சாமல் வாய் திறக்கும் பிள்ளையே தன் பாதுகாப்பில் தானும் பங்கு கொள்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். எதற்கும் எச்சரிக்கை, எங்கும் காவல் என்று வளர்த்தால் பிள்ளை கோழையாகாதா? இது நியாயமான கேள்வி. மரம் ஏறாமலும் குளத்தில் நீந்தாமலும் வளரும் பிள்ளை, உலகை அஞ்சத்தக்க இடமாகவே காணும். ஆனால் இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, பிள்ளை தன் கண்ணால் கண்டு, தன் வலிமையை அளந்து எதிர்கொள்வது: ஊஞ்சல், ஓட்டப்பந்தயம், கிளையில் ஏறுதல். அதில் முழங்கால் சிராய்ந்தால் அறிவு வளரும். மற்றொன்று, பெரியவர்களின் அசட்டையால் பிள்ளை அறியாமலே அதன் தலைமேல் தொங்குவது: கீற்றுக் கூரை, தளர்ந்த மின்கம்பி, மூடாத கிணறு. இதிலிருந்து எந்தப் பிள்ளையும் வீரம் கற்றதில்லை. முதல் வகையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதும், இரண்டாம் வகையை அடியோடு அகற்றுவதும் ஒரே அன்பின் இரு பக்கங்கள்.

இரண்டாம் வகை ஆபத்து யார் தலைமேல் தொங்குகிறது என்பதையும் மறக்கலாகாது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கீற்றின் கீழ் அமர்வதில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது ஏழைப் பிள்ளையின் பசியை உணர்ந்துதான். பசியாற்றும் அடுப்பே உயிருக்கு ஊறாகாமல் காப்பதும் அந்த நன்மையைச் சேர்ந்த கடமையாகும். ஏழைக்கு இது போதும் என்னும் எண்ணம் எங்கே நுழைகிறதோ, அங்கே அமானிதம் முறிகிறது.

பிறரைக் கேட்கும் முன் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர்களின் மக்தப்கள் எப்படி இருக்கின்றன? மாடியில் ஓதும் பிள்ளைகள் இறங்குவதற்கு ஒரே படிதானா? அதில் செருப்புகளும் பழைய பாய்களும் அடைத்துக் கிடக்கின்றனவா? ஒளுச் செய்யும் ஹவுளின் ஓரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் தனியே நிற்கிறார்களா? விடியுமுன் தெருவைக் கடந்து வரும் சிறுமிக்குத் துணை உண்டா? உஸ்தாதின் கையில் பிரம்பு இருக்கிறதா? ஜமாஅத் கூட்டத்தில் மினாராவுக்கு வண்ணம் பூசுவது பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர்கள், இவற்றுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கலாகாதா?

வீட்டிலும் கடமை உண்டு. ஐந்து பேர் அமரும் ஆட்டோவில் பன்னிரண்டு பிள்ளைகள் ஏறுவதைக் காணும் தந்தை, கட்டணம் குறைவு என்பதற்காக வாய் மூடியிருப்பது அமானிதத்தை விலை பேசுவதாகும். காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுந்தால், சாலையைக் கடக்கும்போது ஓடவேண்டிய தேவை இராது. மாலையில் பிள்ளை வந்ததும் ‘எத்தனை மதிப்பெண்’ என்று கேட்குமுன், ‘இன்று யாரேனும் உன்னை வருத்தினார்களா, எதையேனும் கண்டு பயந்தாயா’ என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்திற்குச் சென்று, படி எங்கே, தீயணைக்கும் கருவி எங்கே, சமையற்கூடம் எங்கே என்று வினவலாம். மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் சொந்தப் பிள்ளைகளிடமே உறுதிமொழி கேட்டார்கள்.

நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர் என்றும், மேய்க்கப்படுவோர் பற்றி வினவப்படுவோம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த வினாவுக்கு முன்னால் பெற்றோர், ஆசிரியர், நிர்வாகி, அதிகாரி, வண்டியோட்டி என்ற வேறுபாடு இல்லை. கட்ட வேண்டிய ஒட்டகத்தைக் கட்டியவனுக்கு, அதன்பின் நேர்வது எதுவாயினும் விதி என்னும் சொல் ஆறுதலாகும். கட்டாதவன் அச்சொல்லை எடுத்தாளும்போது, அது இறைவன் மீது பழி சுமத்தும் சொல்லாகிவிடுகிறது. நாளைக் காலையும் நம் பிள்ளைகள் பையைச் சுமந்து வாசலைத் தாண்டுவார்கள். அவர்கள் செல்லும் இரு பள்ளிகளின் படிகளையும் நாம் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, அதன்பின் கையேந்துவோம். வல்ல நாயன் நம் அமானிதங்களைக் காத்தருள்வானாக.