சரிங்க சிஸ்டர்!

திருத்தணியில் இருக்கும் என் அத்தைக்கு வயசு 68. சர்க்கரைக்கு வயசு 19. இரண்டும் ஒரே வீட்டில் பெரிய தகராறு இல்லாமல் குடித்தனம் நடத்திவந்தன, நாலு வருஷம் முன்பு அவர் வலது காலில் ஒரு புண் வரும்வரை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் ஒருவர் ஃபைலோடு வந்து நின்றார். பாவம், அவருக்கு இன்னும் பதினாறு கட்டில் பாக்கி. கடகடவென்று ஒப்பித்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 130-க்குள் இருக்கணும். செருப்பில்லாமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. முக்கியமாக, இந்த வருஷம் மலைப்படி ஏறவே கூடாது.

"புரிஞ்சுதாம்மா?"

"சரிங்க சிஸ்டர்."

அத்தைக்குப் பக்கத்தில் நின்ற நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். "நாங்க பார்த்துக்கறோம் சிஸ்டர்" என்று சொல்லி, பேப்பரில் கையெழுத்தும் போட்டேன். காலுக்குச் சொந்தக்காரர் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் ஆடிக் கிருத்திகை. வீட்டில் எல்லாரும் தூங்கி எழுவதற்குள் அத்தை கிளம்பிப் போய், வெறுங்காலோடு 365 படியும் ஏறி, தரிசனம் பண்ணி, வெயிலில் இறங்கி வந்துவிட்டார். கல் சுட்டது அவருக்குத் தெரியவில்லை. ஏதோ குத்தியதும் தெரியவில்லை. மறுநாள் தரையில் ரத்தக் கறையைப் பார்த்த மருமகள்தான் கத்தினாள். அந்த மாதக் கடைசியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"ஏன் அத்தை, அன்னிக்கு சரின்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

"சிஸ்டர் நின்னுக்கிட்டே இருந்தாங்கடா. சரின்னு சொன்னாத்தானே அவங்க போவாங்க?"

நான் பி.காம். படித்தவன். அதில் படித்ததெல்லாம் மறந்துபோச்சு, மெர்க்கன்டைல் லா பேப்பர் மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-வது பிரிவு. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். நர்ஸ் சொன்ன 'சரி'க்கு அர்த்தம், படி ஏற மாட்டேன். அத்தை சொன்ன 'சரி'க்கு அர்த்தம், நீங்க போய்ட்டு வாங்க. சட்டப்படி அங்கே சம்மதமே நடக்கவில்லை.

அதே சட்டத்தில் 16-வது பிரிவு இன்னும் சுவாரசியம். ஒருவர் மேல் இன்னொருவருக்குச் செல்வாக்கு இருந்து, அதை வைத்து நியாயமில்லாத ஆதாயம் அடைந்தால் அது தகாத செல்வாக்கு. இதற்குச் சட்டம் கொடுக்கும் உதாரணங்களில் ஒன்று, நோயிலும் முதுமையிலும் தளர்ந்த ஒரு மனுஷன், தனக்கு வைத்தியம் பார்ப்பவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அநியாய ஃபீஸுக்குச் சம்மதிப்பது. படுத்திருக்கிறவனும் நின்றிருக்கிறவனும் சமம் இல்லை என்பது 150 வருஷம் முன்பே வக்கீல்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் ஆஸ்பத்திரி வாசலில் மறந்துபோகிறது.

இதையே ஒரு நர்ஸ் யோசித்திருக்கிறார். இமோஜீன் கிங், அமெரிக்கக்காரர், 1923-ல் பிறந்து 2007-ல் மறைந்தவர். 1981-ல் எழுதிய புத்தகத்தில் அவர் சொன்ன கோட்பாட்டை 'இலக்கை எட்டுதல்' என்று தமிழில் சொல்லலாம். நம்மூரில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் பிள்ளைகள் பரீட்சைக்கு இதை உருப்போடுகிறார்கள். விஷயம் எளிது. நர்ஸுக்கு நோயாளி ஒரு மாதிரி தெரிகிறார். நோயாளிக்கு நர்ஸ் ஒரு மாதிரி தெரிகிறார். இருவரும் மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். அந்த இரண்டு பார்வையும் ஒத்துப்போய், இலக்கு எது, அதற்கு வழி எது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தால்தான் உருப்படியாக ஏதாவது நடக்கும். அப்படி நடப்பதற்கு அந்த அம்மா வைத்த பெயர் 'டிரான்ஸாக்‌ஷன்'. காமர்ஸ்காரனுக்குக் குளிர்ந்துபோச்சு. கொடுக்கல் வாங்கல்! ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டாலி ஆகாது.

அத்தையின் பேரேட்டில் என்ன எழுதியிருந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மகனுக்குப் பத்து வயசில் டைபாய்டு வந்து, பிழைப்பானா என்ற நிலை. அப்போது வேண்டிக்கொண்டது: பையன் எழுந்து உட்கார்ந்தால், உயிர் உள்ளவரை ஆடிக் கிருத்திகைக்குப் படி ஏறுகிறேன். பையன் எழுந்தான், இப்போது அரக்கோணத்தில் வேலை பார்க்கிறான். நமக்கு அது கோயில் விசேஷம். அத்தைக்கு அது தவணை. கட்டாமல் விட்டால் என்ன ஆகும், ஈடாக எது வைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதைக் காலில் புண் வந்து 'ஏறவே கூடாது' என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

விரல் போன பிறகு கட்டு மாற்ற வேறொரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே ஒரு நர்ஸ், நகரிப் பக்கத்துக்காரர், பாதித் தமிழ் பாதித் தெலுங்கு. (திருத்தணியில் இது அதிசயமில்லை. 1960 ஏப்ரல் வரை இந்த ஊரே சித்தூர் ஜில்லாவில் இருந்ததுதான். படாஸ்கர் நடுவில் உட்கார்ந்து பேசி, இரண்டு மாநிலமும் கொடுத்து வாங்கி முடித்த எல்லை இது.) நைலான் இழை ஒன்றை எடுத்து அத்தையின் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தெரியுதாம்மா?" பத்து இடத்தில் ஏழு இடம் தெரியவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள்.

"உங்களுக்கு என்ன ஆகணும்மா?"

"படி ஏறணும் சிஸ்டர்."

நான் வாயைத் திறந்தேன். "சார், கொஞ்சம் வெளியில இருங்களேன்" என்றார். மரியாதையாகத்தான்.

இமோஜீன் கிங்கின் கோட்பாட்டில் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் இங்கேதான். குடும்பம், சமூகம் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோட்பாட்டின் மையத்தில் நிற்பது இரண்டே பேர். நம்மூர்க் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர். மகன் பேசுவான், மருமகள் பேசுவாள், பில் கட்டுகிறவன் ரொம்பவே பேசுவான். இலக்கு என்று ஒன்று எழுதப்பட்டால் அது பெரும்பாலும் அட்டெண்டரோடு போட்ட ஒப்பந்தம். பாசம்தான். ஆனால் பாசத்துக்கும் 16-வது பிரிவு வேண்டும் போலிருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது என்பதை அத்தை பிறகு சொன்னார். படி ஏற நர்ஸ் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. வலி ஏன் வேண்டும் என்று விளக்கினாராம். 1946-ல் வேலூருக்கு வந்து, பிறகு தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட் கண்டது அதுதான். அவர்களுடைய காலைத் தின்றதில் பெரும் பங்கு நோய்க்கு இல்லை, வலி தெரியாமல் போனதற்குத்தான். வலி என்கிற காவல்காரன் போய்விட்டால், கண்ணைத்தான் காவலுக்கு வைக்க வேண்டும். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். அத்தைக்கு ஒரு கைக்கண்ணாடி வாங்கச் சொன்னார்.

பிறகு பேரம். இந்த வருஷமும் அடுத்த வருஷமும் வண்டிப் பாதையில் ஆட்டோ. அதை முருகன் கணக்கில் வைத்துக்கொள்வானா என்று அத்தை கேட்டிருக்கிறார். "அது உங்களுக்கும் அவருக்கும். நான் நடுவுல வரமாட்டேன்" என்றாராம் நர்ஸ். புண் ஆறி, வருஷம் முழுக்கப் புதிதாக எதுவும் வராமல் இருந்தால், விடியும் முன், கல் சுடாத நேரத்தில், தடிமனான சாக்ஸோடு கொஞ்சம் படிகள். செருப்புப் போட்டால்தான் சம்மதம் என்று நர்ஸ் ஆரம்பித்தாராம். முருகன் படியில் செருப்பா என்று அத்தை எழுந்தேவிட்டாராம். சாக்ஸில் வந்து நின்றது. சர்க்கரை இலக்கையும் கொஞ்சம் தளர்த்தினார்கள். அவரவர் உடல்நிலையைப் பார்த்து வயதானவர்களுக்குத் தளர்த்தலாம் என்று வைத்திய வழிகாட்டிகளே சொல்கின்றன.

வெளியே வந்த நர்ஸிடம், "சாக்ஸ் போட்டா போதுமா சிஸ்டர்?" என்றேன்.

"போதாது சார். எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனா நான் முடியாதுன்னா, இவங்க மறுபடி யாருக்கும் சொல்லாம போவாங்க."

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் தெளியவில்லை. அது ஒப்பந்தமா, தந்திரமா? படி என்கிற மிட்டாயைக் காட்டி மாத்திரையை விழுங்க வைத்தாரா? நோயாளி கேட்டதையெல்லாம் கொடுத்தால் நர்ஸ் எதற்கு, கடைக்காரர் போதுமே. கேட்டதையே மறுத்தால் அத்தை மாதிரி ஆட்கள் விடிகாலையில் கிளம்பிவிடுவார்கள். நான் கண்ட ஒரே வித்தியாசம், தந்திரம் செய்கிறவர் தன் பக்கத்தில் எதையும் இழப்பதில்லை. இந்த நர்ஸ் இழந்தார். தனக்குப் பிடிக்காத ஒன்றுக்குத் தன் பெயரையும் சேர்த்து எழுதினார். நோட்டில் இரண்டு பத்தி. அத்தை செய்ய வேண்டியது, நான் செய்ய வேண்டியது. இரண்டாவது பத்தியில் மாதம் ஒரு தடவை போன் பண்ணுவது என்று இருந்தது. பண்ணுகிறார்.

இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி பேர் என்று 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேருக்கும் ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்கார நர்ஸ் எங்கே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தபோது பாதி தூரம் கடந்தாச்சு. மாத்திரை கொடுக்க இரண்டு நிமிஷம் போதும். 'உங்களுக்கு என்ன ஆகணும்?' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க எத்தனை நிமிஷம் ஆகும், அதற்கு யார் சம்பளம் கொடுப்பது? பதினாறு கட்டில் பாக்கி வைத்துக்கொண்டு நின்ற அந்த முதல் நர்ஸ் மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். கையெழுத்துப் போட்டவன் மேல் கொஞ்சம் உண்டு.

இரண்டு வருஷம் ஆட்டோவில் போயாச்சு. போன வாரம் திருத்தணி போயிருந்தேன். அத்தை மாடிப்படியில் சாக்ஸும் செருப்புமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மந்திரமோ என்று கிட்டப் போனேன். எண்ணிக்கொண்டிருந்தார், அந்த நர்ஸிடம் பிடித்த பழக்கமோ என்னமோ, தெலுங்கில்.

"எத்தனை படிக்கு ஒத்துக்கிட்டாங்க அத்தை?"

"அறுபதுங்கறாங்க. நான் நூறு கேட்டிருக்கேன். வர்ற செவ்வாய்க்கிழமை போன்ல பேசணும்."