விரதமும் விலையும்

என் மனைவிக்கு ஏற்றும் டாக்ஸோரூபிசினை வார்டில் ‘செவப்பு மருந்து’ என்பார்கள். மார்பகப் புற்றை அடக்கும். இதயத் தசையையும் கெடுக்கும். அதனால்தான் முதலில் எக்கோ எடுக்கிறார்கள், உடம்பில் சேரும் மொத்த அளவுக்குக் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கேடு எப்படி நேர்கிறது என்று அறிய முயல்களுக்கும் எலிகளுக்கும் இதே மருந்தை வாரக்கணக்கில் செலுத்தி, பிறகு இதயத்தை அறுத்துப் பார்த்தார்கள். இதயத்தைக் காக்கும் டெக்ஸ்ரசாக்சேனை பீகிள் நாய்களில் சோதித்தார்கள்.

நான் வள்ளலார் வழி. முட்டைகூடத் தொடாதவன்.

தன்னுயிரே போவதானாலும் பிற உயிரைப் போக்காதே என்பது கொல்லாமை அதிகாரத்தில் வள்ளுவர் கட்டளை. போவது என் உயிரென்றால் கடைப்பிடித்திருப்பேன் (சொல்வது சுலபம்). ஆபத்தில் இருந்தது அவள் உயிர். என் விரதத்துக்கு அவளை விலையாகக் கொடுக்க எந்தக் குறளும் எனக்கு உரிமை தரவில்லை.

பெங்களூரில் நாங்கள் வசிக்கும் அடுகோடியில் காந்தி மாணவராக இருந்த இடம் ஒன்று உண்டு. 1927இல் உடம்பு தேற பெங்களூரில் தங்கியவர், இன்று தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக உள்ள பண்ணையில் மாடு வளர்ப்பு கற்றார். உயிரோடு விலங்கை அறுக்கும் ஆராய்ச்சியை அறவே வெறுத்தவர். மறு ஆண்டே சபர்மதியில், பிழைக்க வழியில்லாமல் துடித்த கன்றை ஊசி போட்டுக் கொல்லச் சம்மதித்தார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் கன்றை என் கட்சிக்கு இழுக்கப் பார்த்தேன், வரவில்லை. அது இறந்தது அதன் வலி தீர. முயலுக்கு வலியைக் கொடுத்ததே நாம்தான்.

மருந்தளவின் வரம்பைக் காட்டியவை விலங்குகள் மட்டுமல்ல. 1979இல் வெளியான ஓர் ஆய்வு ஏறக்குறைய 4,000 நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டியது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 550 மில்லிகிராம் சேர்ந்தால் நூற்றில் ஏழு பேருக்கு இதயம் தளரும் என்பது அவர்கள் பட்டுக் காட்டியது. ஆனால் அவர்களுக்குப் புற்று இருந்தது, பிழைக்கும் ஆசையும் இருந்தது. முயலுக்கு நோயே இல்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனித நோயைத் தீர்க்கும் சோதனையை அனுமதித்து, தேவையில்லாத வலி மட்டும் கூடாது என்கிறது. தேவை யாருடையது என்பதில் அதற்குச் சந்தேகமில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கறி சாப்பிடுகிறவள். “பாவம்னா என் கணக்குல எழுதிக்கட்டும். நீங்க ஏன் நடுவுல வர்றீங்க?” என்றாள்.

நியாயம்தான். ஆனால் ஒப்புதல் படிவத்தில் அவள் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதும் இருக்கிறது.