நாம் தர்மம் செய்யும் தண்ணீர்

தண்ணீர் சுத்தமானதுதானா என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் மதரஸாவில் படித்த பதிலைச் சொல்லிவிடுவோம். நஜீஸ் கலந்து நிறமோ, சுவையோ, வாடையோ மாறாத பெருந்தண்ணீர் சுத்தமானது. அதைக் கொண்டு உளூச் செய்யலாம், குளிக்கலாம். மார்க்கச் சட்டம் இது. இதில் ஐயமில்லை.

ஆனால் உளூவுக்கு ஏற்ற தண்ணீர் எல்லாம் குடிப்பதற்கும் ஏற்றதுதானா? தர்மபுரி மாவட்டத்துச் சகோதரர்களுக்கு, குறிப்பாகப் பாலக்கோடு வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு, இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதல்ல. அவர்களுடைய பிள்ளைகளின் பற்களிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பகுதியின் பாறைகளில் புளோரைடு என்னும் உப்பு இருக்கிறது. மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழும் ஊர்களில், பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கிய நீரில் அது கரைந்து வருகிறது. பார்த்தால் பளிங்கு போன்ற தண்ணீர். நிறமில்லை, வாடையில்லை, நாக்குக்கும் தெரிவதில்லை. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது இந்தியத் தர அளவு. மிஞ்சினால், பல் உருவாகும் வயதில் உள்ள குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. அது தேய்த்தால் போகாது. பல்லாண்டுகள் மிக அதிகமாக உட்கொண்டவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிவிடுகின்றன. ருகூவுக்குக் குனிய முடியாத முதுகையும், ஸஜ்தாவுக்கு மடங்காத முழங்காலையும் எண்ணிப் பாருங்கள்!

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறையும் அளவுக்கு, மிஞ்சிய நீரில் அது கூடத்தான் செய்யும்.

சகோதரனைப் பார்த்துப் புன்னகைப்பதையும் தர்மம் என்று கற்றுத் தந்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஏழைக்கும் எட்டக்கூடிய தர்மம் அது. கறை படிந்த பல்லை மறைக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிறுமிக்கு அந்தத் தர்மமும் கடினமாகிவிடுகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அவள் படும் கூச்சத்தையும் நாம் அறிவோம்.

இங்கே நம் நிய்யத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுகிறது. இறந்துபோன தாய் தந்தையர் பெயரில் பள்ளிவாசலில் குழாய் போடுகிறோம். தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். ஸதகா ஜாரியா என்று மகிழ்கிறோம். அந்தக் குழாயில் வருவது நோய் தரும் நீர் என்றால்? நிய்யத் நல்லது, கூலி தருபவன் அல்லாஹ். ஆனால் ‘நாம் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தோம்’ என்ற சொல், கறை படிந்த பல்லை வெண்மையாக்காது. அறியாமல் செய்த காலம் வேறு. இந்த நோய் நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டுவிட்டது. அறிய வழி இருந்தும் அறியாமல் இருப்பது மன்னிப்புக்குரிய அறியாமையா, அலட்சியமா? உள்ளத்தைக் கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

‘எல்லாம் தக்தீர்’ என்று சிலர் சொல்லக்கூடும். ஷாம் நாட்டில் போர் நடந்த காலத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே கேள்விப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், படையினரைக் காண்பதற்குப் போகாமல் திரும்பிவிட்டார்கள். தக்தீரிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டவருக்கு, தீங்கிலிருந்து விலகுவதும் தக்தீருக்கு உட்பட்டதே என்று விளக்கினார்கள். தக்தீரை நம்முடைய சோம்பலுக்குச் சாட்சியாக அழைக்கலாகாது.

657-இல் ஸிஃப்பீன் போர்க்களத்தில், தம் படையினருக்கு யூப்ரடீஸ் நீரை மறித்த எதிர்த்தரப்பை விரட்டிய பிறகும், அவர்கள் நீர் எடுக்க அலீ (ரலி) அவர்கள் வழிவிட்டார்கள். நம் காலத்து யமன் போரிலோ குடிநீர், கழிவுநீர் ஏற்பாடுகள் சீர்குலைந்தன. 2017-ஆம் ஆண்டு முடிவதற்குள் காலரா என்று ஐயப்பட்டவர்கள் பத்து லட்சத்தை எட்டினார்கள். போரில் எதிரிக்கும் மறுக்கக்கூடாத நல்ல நீரை, அமைதிக் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு நாமே மறுப்பதா?

அரசாங்கம் தன் பங்கைச் செய்திருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் எழுந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. புளோரைடு நோயைத் தணிப்பது என்ற நோக்கமே அதன் பெயரில் இருக்கிறது. ஆனாலும் காவிரி நீர் வராத நாளில் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றைத் திறந்து குடத்தை நிரப்புவது நம் கைதானே?

ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லாருடைய பொறுப்பும் நீங்கும். எவருமே செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளி. இதைப் பர்ளு கிபாயா என்கிறோம். ஜனாஸாத் தொழுகையில் இதை மறப்பதில்லை. கிணற்று நீரைச் சோதிப்பதும் இந்த வகையில் சேருமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் அதே உணர்வோடு செய்யத்தக்க காரியம் என்பதில் தடையிருக்க முடியாது.

முத்தவல்லிகளே! ஒரு புட்டியில் பள்ளிவாசல் கிணற்று நீரை எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். முடிவை ஜும்ஆ நாளில் அறிவியுங்கள். புளோரைடு மிகுதி என்றால் அந்த நீர் ஹவுளுக்கு இருக்கட்டும். குடிப்பதற்குக் காவிரி நீரோ, கூரையில் சேர்த்துத் தூய்மையாகக் காத்த மழைநீரோ தனிக் குழாயில் வரட்டும். இரு குழாய்களின் மேலும் எது எதற்கு என்று எழுதி வையுங்கள். தாய்மார்களே! சிறு பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சமையலுக்கும் நல்ல நீரை முதலில் ஒதுக்குங்கள்.

உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமாக் கிணற்றை விலைக்கு வாங்கி மதீனத்து மக்களுக்கு வழங்கினார்கள். அது இனிய நீர் தந்த கிணறு. அந்த முன்மாதிரியைப் பின்பற்ற விரும்பும் நாம், தண்ணீரைக் கொடுத்தோமா என்பதோடு நில்லாமல், நல்ல தண்ணீரைக் கொடுத்தோமா என்றும் கேட்டுக்கொள்வோமாக. நாம் விட்டுச்செல்லும் தர்மம் நம் சந்ததிக்கு நலமாகவே ஓட வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.