அரைமணிச் சாப்பாடு

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று சொல்லி வளர்த்தவர்கள் யாரும் ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்த்ததில்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவே குறைந்தது அரைமணி இடைவேளை வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். லைனிலிருந்து கேன்டீனுக்கு நடப்பது, கை கழுவுவது, தட்டோடு வரிசையில் நிற்பது எல்லாம் அந்த அரைமணிக்குள் அடக்கம். மிச்ச நேரத்தில் சோற்றை விழுங்கத்தான் முடியும்.

ஃப்ளோரிடா ஆறுகளில் வாழும் மானட்டி என்னும் கடற்பசுவுக்கோ இந்த அவசரம் இல்லை; ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் மேயும். அதன் மேலுதடு இரண்டாகப் பிளந்தது. இரு பாதியும் தனித்தனியே அசைந்து, தடித்த முடிகளால் தழையைப் பற்றி உள்ளே தள்ளும். முன்துடுப்புகள் செடியை வாய்ப்பக்கம் ஒதுக்கிக் கொடுக்கும். தழையோடு மணலும் அரைபடுவதால் பல் தேயும். தேய்ந்த கடைவாய்ப்பல் முன்னால் விழ, பின்னாலிருந்து புதியது நகர்ந்து வரும், ஆயுள் முழுக்க. தின்றது செரிக்க ஒரு வாரம்கூட ஆகும்.

நம் பாக் விரிகுடாவின் ஆவுளியா இதற்கு உறவு. அதற்காகத்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அரசு காப்பகமாக அறிவித்தது. ஆவுளியா கீழ்நோக்கி வளைந்த மூஞ்சியைக் கடல்தரையில் அழுத்தி, கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்த இடத்தில் ஏர் ஓட்டியதுபோல் நீளத் தடம் விழும். அங்கே சீக்கிரம் படர்வது மென்மையான புல்வகை. ஆவுளியாவுக்குப் பிடித்ததும் அதுதான்.

இந்தப் பிராணிகளை ஞானிகளாக்க எனக்கு மனமில்லை. புல்லில் சத்து குறைவு. மணிக்கணக்கில் தின்றால்தான் கட்டுப்படியாகும். அவற்றுக்கு நேரம் இருக்கிறது, அவ்வளவுதான். நாம்தான் நிதானமாகச் சாப்பிடுவதை நற்குணமாக்கி, நேரம் யார் கையில் என்பதைப் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலும் என் தட்டு பத்து நிமிடத்தில் காலியாகிவிடுகிறது. மணி அடிக்க ஆளில்லாத வீட்டில், கறிக்குழம்போடு, அப்படி என்ன அவசரமோ! இது ஷிப்டின் பழக்கமா, என் பழக்கமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இடைவேளையை முக்கால் மணியாக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒருமுறை பேச்செடுத்தேன். ஷிப்டு கால்மணி நீளும், ஸ்ரீபெரும்புதூரில் அடுத்த பஸ் போய்விடும் என்று கூட வேலை செய்பவர்களே வேண்டாம் என்றார்கள். வீட்டில் பிள்ளைகள் தூங்குமுன் போய்ச் சேர வேண்டியவர்கள் அவர்கள்.